ஊற்றுகிற கையும் உறைகிற உலோகமும்

உருகிய இரும்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆரஞ்சு நிறத்தில் தகதகத்து, பொறி தெறிக்க, பத்தடி தள்ளி நிற்பவர் முகத்தையும் சுடும். யாரும் எச்சரிக்க வேண்டியதில்லை. அலுமினியம் அப்படி இல்லை. 660 டிகிரி செல்சியஸில் உருகி, 720 டிகிரியில் மூசை (உலோகம் உருக்கும் பாத்திரம்) நிறைய நிற்கும்போதும் பகல் வெளிச்சத்தில் வெள்ளி நிறமாகத்தான் தெரியும். பக்கத்தில் கிடக்கும் ஆறிய கட்டிக்கும் அதற்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. புதிதாகச் சேரும் பையன்களிடம் எங்கள் வார்ப்பாலை மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிடுவார்: "நிறத்தைப் பார்த்துச் சூட்டைக் கணக்குப் போடாதே தம்பி. இது சிவக்காது."

அடுத்து அவர் சொல்வது ஈரத்தைப் பற்றி. ஈரம் ஒட்டிய ஒரு கட்டியை உருகிய அலுமினியத்துக்குள் தள்ளினால், உள்ளே சிக்கிய நீர் நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து உலோகத்தை நாலாபுறமும் வாரி இறைக்கும். ஆகவே கட்டி, கரண்டி, கிளறும் கம்பி எல்லாமே உலை விளிம்பில் சூடேறிக் காய்ந்த பிறகுதான் உள்ளே போகும். வெறும் சிமெண்டுத் தரையில் உலோகம் சிந்தினாலும் தரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துச் சில்லுகள் பறக்கும். அதனால்தான் உலைக்கு முன்னால் காய்ந்த மணலைப் பரப்பி வைக்கிறோம். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது பெருக்காமல் விட்ட தரையாகத் தெரியும்.

நான் கோவைப் பக்கம் ஓர் அலுமினிய வார்ப்பாலையில் தரச்சோதனை பார்க்கிறவன். மோட்டார் உறை, கியர் பெட்டி உறை, பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்று வார்த்து வருவதைத் தட்டி, அளந்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றழுத்தம் கொடுத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. மோல்டிங் பக்கத்தில், அதாவது மணலில் அச்சு செய்யும் இடத்தில், இருப்பவர்களுக்கு நான் குறை சொல்கிறவன். வாங்குகிற கம்பெனிக்குச் சாக்குச் சொல்கிறவன். இரண்டு பக்கமும் நல்ல பெயர் கிடைக்காத இடத்தில் இத்தனை காலம் நின்றதில் ஒரு கருத்து எனக்குள் உறுதிப்பட்டுவிட்டது. ஓர் அலுமினிய வார்ப்படத்தின் தலையெழுத்து, உலோகம் அச்சுக்குள் நுழையும் சில நொடிகளிலும் அது உறையும் சில நிமிடங்களிலும் எழுதப்படுகிறது. எந்தக் கலவை, என்ன சான்றிதழ் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாங்குகிறவர்களோ முதலில் கேட்பது சான்றிதழைத்தான்.

நுழையும் நொடிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அலுமினியம் காற்றைத் தொட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். திட நிலையில் அந்தத் தோல்தான் உலோகத்தைக் காக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதுபோல அலுமினியம் அரித்துப்போகாததற்குக் காரணம் அதுதான். உருகிய நிலையிலும் தோல் உருவாகிக்கொண்டே இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகினாலும் அதன் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். எங்கள் உலையில் அது ஒருநாளும் உருகப்போவதில்லை. காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதை நினைத்துக்கொள்ளலாம். மேலே அமைதியாகக் கிடக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. கரண்டியை விட்டுக் கலக்கினால் ஆடை மடிந்து பாலுக்குள் போய்விடும். பிறகு எடுக்க முடியாது. அலுமினியத்தில் அப்படி மடிந்த தோலின் உலர்ந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. நடுவே நூலிழைக் காற்று நிற்கும். உலோகம் உறைந்த பிறகு அந்த இடம் ஏற்கெனவே விழுந்துவிட்ட ஒரு விரிசல்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்பெல் தம் ஆய்வு வாழ்வில் பெரும்பகுதியை இந்த மடிப்புகளுக்கே செலவிட்டவர். அவர் வலியுறுத்திய எல்லை, நொடிக்கு அரை மீட்டர். அதைவிட வேகமாக உலோகம் அச்சுக்குள் பாய்ந்தால் மேற்பரப்பு கலைந்து தோல் உள்ளே மடியும். கேட்க எளிதாக இருக்கும். கணக்குப் போட்டால் வயிற்றைக் கலக்கும். எந்தப் பொருளும் வெறும் 13 மில்லிமீட்டர் விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடுகிறது. 10 சென்டிமீட்டர் விழுந்தால் நொடிக்கு 1.4 மீட்டர். கரண்டியிலிருந்து அச்சின் வாய்க்கு ஊற்றுகிற உயரமே அதைவிட அதிகம். ஆக, கையால் ஊற்றும் எவரும் விதியை மீறித்தான் ஊற்றுகிறார். எவ்வளவு குறைவாக மீறுகிறார் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

அச்சுக்குள் உலோகம் போகும் பாதையை அமைப்பது அந்த மீறலைச் சமாளிக்கத்தான். மேலே ஒரு சிறு கிண்ணம், அதன் கீழே இறங்கும் குழல், அடியில் கிடைமட்டமாக ஓடும் ரன்னர், அங்கிருந்து வார்ப்படத்துக்குள் திறக்கும் வாய்கள். குழல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்க வேண்டும். விழும் உலோகம் வேகம் கூடக் கூட மெலியும்; குழலும் அதோடு மெலியாவிட்டால் பக்கத்து இடைவெளியில் காற்று இழுபடும். அடிக்கு வந்த உலோகத்தை அகலமான பாதையில் பரவவிட்டு, பீங்கான் வடிகட்டியில் நுழைத்து வேகத்தைக் குறைத்து, கீழிருந்து மெல்ல மேலேறும்படி நிரப்ப வேண்டும். ஒரே பேட்டர்ன் (மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரி), ஒரே மூசை, ஒரே மணல். குழலை மட்டும் மாற்றி அமைத்ததில் கசிவு பாதிக்கும் கீழே இறங்கியதைத் தொட்டி ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதற்காக வாங்கிய புதுப் பொருள் ஒன்றுமில்லை. மரவேலை செய்கிறவர் ஒரு மதியம் உட்கார்ந்து செதுக்கினார்.

கார்களின் அலாய் சக்கரங்களைப் பெரும்பாலும் வார்க்கும் முறை இந்தப் பாடத்தை முழுதாக ஏற்றுக்கொண்டது. உலைக்கு மேலே அச்சு உட்கார்ந்திருக்கும். மூடிய உலைக்குள் ஒரு பாருக்கும் (ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) குறைவான காற்றழுத்தம் கொடுப்பார்கள். உலோகம் குழாய் வழியாக ஏறி அச்சை அடியிலிருந்து நிரப்பும். யாரும் எதையும் ஊற்றுவதில்லை. உலைக்குள் மேலே கிடக்கும் தோல் மேலேயே கிடக்கிறது. சாலைப் பள்ளங்களில் இடிபடும் ஒரு பொருளுக்கு இவ்வளவு நிதானம் தேவைதான்.

அடுத்த எதிரி ஹைட்ரஜன். காற்றில் இருக்கும் நீராவி உருகிய அலுமினியத்தைத் தொட்டதும் ஆக்சிஜனை உலோகம் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சும் ஹைட்ரஜன் உள்ளே கரைந்துவிடும். திரவ நிலையில் கரைந்திருக்கக்கூடிய ஹைட்ரஜனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் உறைந்த அலுமினியம் தனக்குள் வைத்துக்கொள்ள முடியும். மிச்சம் வெளியேற வழி தேடி, கிடைக்காமல், ஊசிமுனைத் துளைகளாக நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தேறாது என்று நாங்கள் ஒதுக்கும் வார்ப்படங்களின் குவியல் உயரும். மூசையும் அதே, ஆளும் அதே. காற்று மட்டும் வேறு. முன்பெல்லாம் ஹெக்சாகுளோரோஈத்தேன் மாத்திரையை மணி வடிவக் கருவியில் வைத்து உலோகத்துக்குள் அமுக்குவார்கள். வெள்ளைப் புகை கிளம்பி ஆலை முழுவதும் இருமும். இப்போது சுழலும் கிராஃபைட் தண்டு வழியாக நைட்ரஜனையோ ஆர்கானையோ பொடிக் குமிழிகளாக விடுகிறோம். ஹைட்ரஜன் அந்தக் குமிழிகளுக்குள் புகுந்து வெளியேறுகிறது. போதுமா என்று பார்க்க, சிறு கிண்ணத்தில் கொஞ்சம் உலோகத்தை எடுத்து வெற்றிடத்தில் உறையவிட்டு, குறுக்கே அறுத்துப் பார்ப்போம். வாயு மிஞ்சியிருந்தால் ரொட்டித் துண்டில் இருப்பதுபோலத் துளைகள் தெரியும். ஊற்றுவதற்கு முன்பே பதில் சொல்லிவிடும் சோதனை என்பதால் இதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

இனி உறைதல். அலுமினியம் திரவத்திலிருந்து திடமாகும்போது கன அளவில் சுமார் 6 சதவீதம் சுருங்கும். நூறு லிட்டர் ஊற்றினால் ஆறு லிட்டர் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆறை யாராவது ஈடுகட்ட வேண்டும். அதற்காகத்தான் வார்ப்படத்தின் கனத்த பகுதிகளுக்கு மேலே ரைசர் வைக்கிறோம். வார்ப்படம் உறைந்து முடியும்வரை ரைசர் திரவமாக நின்று, சுருங்குகிற இடத்துக்கு உலோகத்தை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ரைசர் உறைந்துவிட்டால் கதை தலைகீழ்: வார்ப்படம் ரைசருக்கு ஊட்டும், குழி வார்ப்படத்துக்குள் விழும். எந்த இடம் முதலில் உறைய வேண்டும், எது கடைசியில் என்ற வரிசையை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். தூரத்தில் இருக்கும் கனத்த பகுதியை முந்தி உறைய வைக்க, அந்த இடத்து மணலில் ஓர் இரும்புத் துண்டைப் பதிப்போம். சூட்டை அது இழுத்துக்கொள்ளும்.

வரைபடம் போடுகிறவர்களோடு எங்களுக்கு நடக்கும் சண்டையில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். கணினியில் ஐந்து மில்லிமீட்டர் சுவரின் நடுவே நாற்பது மில்லிமீட்டர் கனத்தில் ஒரு குமிழை வரைந்துவிடுவார்கள், போல்ட் ஏறுவதற்காக. சுவர் உறைந்து வழி அடைபட்ட பிறகு அந்தக் குமிழுக்கு ஊட்டுவது யார்? குமிழின் மையத்தில் குழி விழும். பிறகு அங்கேதான் துளை போட்டுத் திருகு வெட்டுவார்கள். கசிகிறது என்று கடிதம் எங்களுக்கு வரும். குமிழைச் சற்றே மெலியவைத்து, சுவரை அதை நோக்கி மெல்லக் கனக்கவிட்டால் போதும். இந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் வாங்க ஆகும் காலத்தில் ஆயிரம் வார்ப்படம் ஊற்றிவிடலாம்.

பழைய வார்ப்பாலைக்காரர்கள் இத்தனை கணக்கும் தெரியாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. 1884-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு சிறு அலுமினியப் பிரமிடை வைத்தார்கள். உயரம் 23 சென்டிமீட்டருக்குள், எடை 100 அவுன்ஸ், அதாவது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு பெரிய அலுமினிய வார்ப்படம் அதுவரை உலகில் இல்லை. வார்த்தவர் பிலடெல்பியாவின் வில்லியம் ஃப்ரிஷ்மத். முதலில் சொன்ன மதிப்பு 75 டாலர். பலமுறை வார்த்துக் கெட்டு, கடைசியில் கைக்கு வந்தது 225 டாலர். எந்த வார்ப்பாலை முதலாளியும் இந்தக் கணக்கைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார். தூணில் ஏற்றுவதற்கு முன் நியூயார்க்கில் டிஃபனி நகைக்கடையில் காட்சிக்கு வைத்தார்கள். வாஷிங்டன் தூணின் உச்சியைத் தாண்டினேன் என்று சொல்லிக்கொள்வதற்காக வந்தவர்கள் அதன் மேலே குதித்துத் தாண்டினார்களாம். நகைக்கடைக்கு அது பொருத்தமான பண்டமாகவே அப்போது இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1886-இல், அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூவும் ஒருவரை ஒருவர் அறியாமல் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. விலை சரிந்தது, நகைக்கடையிலிருந்து அலுமினியம் சமையலறைக்கு இறங்கியது.

நம் பக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898 வாக்கில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். அது தகட்டை அடித்துச் செய்யும் வேலை, வார்ப்பு அல்ல. மேட்டூரில் 1965-இல் அலுமினிய உருக்காலை வந்தது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் தோண்டிய பாக்சைட் அங்கே போனது. ஒரு கிலோ அலுமினியம் பிரிக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த உருக்காலை இன்று இயங்கவில்லை. பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க, புதிதாகப் பிரிக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் போதும் என்பதால், எங்களைப் போன்ற சிறு ஆலைகள் கழிவையும் மறு உருக்குக் கட்டிகளையும் நம்பி ஓடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த வார்ப்படம் ரைட் சகோதரர்களுடையது. 1903-இல் பறந்த விமானத்துக்கு எஞ்சின் செய்தவர் அவர்களிடம் வேலை பார்த்த சார்லி டெய்லர். எடையைக் குறைக்க எஞ்சினின் உடலை அலுமினியத்தில் வார்க்க முடிவு செய்து, தங்கள் ஊரான டேட்டனில் இருந்த வார்ப்பாலையிடமே கொடுத்தார்கள். பிப்ரவரியில் சோதனை ஓட்டத்தின்போது தாங்கிகள் (பேரிங்) இறுகிப் பிடித்து அந்த உடல் உடைந்தது. புதிய வார்ப்படம் ஏப்ரலில் வந்தது. டிசம்பரில் பறந்தது அதுதான். கலவையில் செம்பு சுமார் 8 சதவீதம். 1994-இல் உலோகவியலாளர்கள் அதன் துணுக்கை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, செம்பு அணுக்கள் கூடிய நுண்ணிய படிவுகள் உள்ளே பரவியிருந்தன. அலுமினியத்தை வலுவாக்குவது அந்தப் படிவுகள்தான். அந்த இயல்பை ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் கண்டறிந்தது 1906-இல். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே டேட்டனில் யாரோ ஒரு மோல்டர், பெயர் தெரியாத ஒரு குணத்தை மணல் அச்சுக்குள் ஆறவிட்டிருக்கிறார்.

கலவைக்கு முக்கியத்துவமே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சிலிக்கான் இல்லாமல் இன்றைய அலுமினிய வார்ப்பே இல்லை. 12 சதவீதத்துக்குச் சற்று மேல் சிலிக்கான் சேர்ந்தால் உருகுநிலை 577 டிகிரிக்கு இறங்கும். உலோகம் மெல்லிய சந்துகளிலும் ஓடும். ஆனால் அந்தச் சிலிக்கான் உறையும்போது கூரிய தகடுகளாக நின்று உலோகத்தை நொறுங்கவைக்கும். 1920 வாக்கில் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இருந்த அலடார் பாட்ஸ், சோடியம் உப்பு சிறிதளவு சேர்த்தால் அந்தத் தகடுகள் நுண்ணிய இழைகளாக மாறிவிடுவதைக் கண்டார். நொறுங்கிய உலோகம் வளையத் தொடங்கியது. பல்புக்குள் தொய்ந்துபோகாத டங்ஸ்டன் இழையைச் செய்து காட்டியவரும் இதே மனிதர்தான். இன்று சோடியத்தின் வேலையைப் பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் செய்கிறது, உலையில் நீண்ட நேரம் நிற்கும் என்பதால்.

இதுவரை நான் சொன்ன நிதானம் எல்லாவற்றையும் காற்றில் பறக்கவிட்டு வெற்றி பெற்ற முறை ஒன்று உண்டு: பிரஷர் டை காஸ்டிங். உருக்கு அச்சுக்குள் பிஸ்டன் வைத்துத் தள்ளுவார்கள். வாயில் நுழையும் உலோகத்தின் வேகம் நொடிக்கு 30 முதல் 50 மீட்டர், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். கேம்பெல் சொன்ன எல்லையைப்போல அறுபது, நூறு மடங்கு. கண் இமைப்பதற்குள் அச்சு நிரம்பிவிடும். சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் உறைகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்; நன்றாகவே ஓடுகின்றன. சுவர் மெல்லியது, அச்சு உடனே சூட்டை இழுக்கிறது, நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் குமிழிகளை நசுக்கிவிடுகிறது. மேல்தோல் கெட்டியாக உறைந்துவிடும். துளைகள் இல்லாமல் போவதில்லை, உள்ளே ஒளிந்துகொள்கின்றன. எந்திரத்தில் கொடுத்து மேல்தோலைச் சீவினால் வெளியே வரும். வலுவேற்ற உலையில் சூடாக்கினால் சிக்கிய வாயு விரிந்து கொப்புளம் எழும்பும். அச்சின் உருக்கோடு அலுமினியம் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு சதவீதம் அளவுக்கு இரும்பை வேண்டுமென்றே விட்டு வைப்பார்கள். மணல் வார்ப்பில் அந்த இரும்பை நாங்கள் விஷமாகப் பார்ப்போம். 2020 வாக்கில் டெஸ்லா 6,000 டன் அழுத்த எந்திரத்தில் காரின் பின்பகுதி அடிச்சட்டத்தையே ஒரே வார்ப்படமாக எடுக்கத் தொடங்கியபோது, சூடேற்றாமலே வலுக்கொடுக்கும் கலவை தேவைப்பட்டது இந்தக் கொப்புளத்துக்குப் பயந்துதான். அவ்வளவு பெரிய துண்டைச் சூடாக்கினால் நெளிந்தும் போகும்.

கசியும் உறைகளைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. வெற்றிடத் தொட்டியில் வைத்துத் துளைகளிலிருந்து காற்றை உறிஞ்சி, பிசின் திரவத்தை உள்ளே புகுத்தி, வெந்நீரில் இறுகவைப்பது. இதை ஏமாற்று என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வாங்குகிறவருக்குச் சொல்லிவிட்டுச் செய்தால் நேர்மையான வேலைதான். பிசின் கசிவை அடைக்கும், வலுவைக் கூட்டாது. அந்த வேறுபாட்டை எழுத்தில் கொடுக்கச் சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பதுண்டு.

என் உண்மையான மனக்குறை சோதனைக் கம்பிகளைப் பற்றியது. உலோகத்தை உருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கம்பியைத் தனி அச்சில் வார்த்து, இழுத்து உடைத்து, அந்த எண்ணைச் சான்றிதழில் போடுவது வழக்கம். தரநிலைகளும் அதை அனுமதிக்கின்றன. அந்தக் கம்பியின் அச்சு மிக நேர்த்தியானது. உலோகம் அதில் கலங்காமல் நிரம்பும், வேகமாக உறையும், ரைசர் தாராளமாக ஊட்டும். கம்பி சொல்வது மூசையில் இருந்த உலோகம் எப்படிப்பட்டது என்பதை. நாற்பது மில்லிமீட்டர் குமிழுக்குள் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. வாங்குகிறவரோ கம்பியின் எண்ணைப் படித்துவிட்டு, குமிழும் அவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுகிறார். புதிய பேட்டர்ன் வரும்போதெல்லாம் முதல் சில வார்ப்படங்களை அறுத்து, குமிழிலிருந்தும் சுவரிலிருந்தும் துண்டெடுத்து உடைத்துப் பார்க்கலாம் என்று கேட்கிறேன். நல்ல வார்ப்படத்தை அறுக்கச் சொல்கிறாயே என்று கணக்குப் பிரிவு முறைக்கிறது. நல்லதா என்று அறுத்தால்தானே தெரியும் என்பேன். போன மாதம் ஒரு கியர் பெட்டி உறைக்கு மூன்று துண்டு அறுக்க ஒப்புக்கொண்டார்கள். சுவரிலிருந்து எடுத்தது கம்பிக்கு அருகில் வந்தது, குமிழிலிருந்து எடுத்தது வெகு கீழே நின்றது. வரைபடத்தில் அந்தக் குமிழை மெலியவைக்கும் திருத்தம் இப்போது வாங்குகிற கம்பெனியின் மேசையில் இருக்கிறது.